காற்றுத் துப்பாக்கி: குடியானவருக்குத் தக்க குழல் அளவு எது?

சோளம் பால் பிடிக்கும் பருவத்திலும், நிலக்கடலை முளை கிளம்பும் பருவத்திலும், விவசாய டிப்போவுக்கு வரும் குடியானவர்கள் விதை, உரம் ஆகியவற்றைப் பற்றி விசாரிப்பதோடு இப்போது புதிதாக ஒரு கேள்வியும் கேட்கத் தொடங்கியிருக்கின்றனர். காற்றுத் துப்பாக்கி வாங்கினால் நாலரை மில்லிமீட்டர் குழல் வாங்குவதா, ஐந்தரை மில்லிமீட்டர் குழல் வாங்குவதா என்பதே அக்கேள்வி. விதைத்ததை மயில் கிளறிப் போகிறது. கதிர் வைத்ததைக் கிளி கொய்து போகிறது. வரப்பை எலி துளைக்கிறது. கண்ணெதிரே பாடு வீணாவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர், திருவிழாக் கடையில் பலூன் சுடும் துப்பாக்கியைக் கண்டு, அதைவிடச் சற்றுப் பெரிதாக ஒன்று கையிலிருந்தால் நலமாயிற்றே என்று எண்ணுவது இயல்பே. அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் இக்கேள்வியில் இரண்டு வெவ்வேறு காரியங்கள் ஒன்றாய்க் கலந்திருக்கின்றன. பயிரைக் காப்பது ஒன்று. குறி பார்த்துச் சுடப் பழகுவது மற்றொன்று. பின்னதற்கு இக்கருவி மிகவும் ஏற்றது. முன்னதற்கு எந்தக் குழல் அளவும் உதவாது என்பதைத் துப்பாக்கிக்குப் பணம் கொடுக்குமுன்னரே தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் கருவியின் தன்மை. சாதாரணமாய்க் கடைகளில் விற்கும் காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. குழலை மடித்து இழுக்கும்போது உள்ளேயிருக்கும் கனமான சுருள்வில் இறுகுகிறது. விசையைத் தட்டினால் வில் விடுபட்டு ஓர் உந்துதண்டை முன்னே தள்ளுகிறது. அதனால் நெருக்குண்ட காற்று ஈய ரவையைக் குழல்வழியே வெளியேற்றுகிறது. முன்கூட்டியே ஒரு சிறு கலத்தில் காற்றை மிகுந்த அழுத்தத்தில் அடைத்து வைத்துச் சுடும் விலையுயர்ந்த வகையும் உண்டு. ரவை உடுக்கை வடிவானது. இடை சிறுத்து, பின்புறம் குடைவாய், பாவாடைபோல் விரிந்திருக்கும். அவ்விரிவு குழலின் உட்புறத்து முறுக்குக் கோடுகளைப் பற்றிக்கொள்வதால் ரவை சுழன்றுகொண்டு நேராய்ச் செல்லுகிறது.

குழலின் துவார அளவுகளில் பெருவழக்காயுள்ளவை இரண்டு. ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 177 பங்கு, அதாவது 4.5 மில்லிமீட்டர், ஒன்று. நூற்றில் 22 பங்கு, அதாவது 5.5 மில்லிமீட்டர், மற்றது. இவையன்றி 5 மில்லிமீட்டரிலும் 6.35 மில்லிமீட்டரிலும் உண்டு; அவற்றைப் பற்றி இங்கே விரிக்க வேண்டுவதில்லை. ஒரு மயக்கத்தை மாத்திரம் தீர்த்துவிடலாம். கல்லூரியில் என்.சி.சி. படையில் பயிற்சி பெற்ற பிள்ளைகள், “பாயிண்ட் டுவென்டி டூ சுட்டிருக்கிறோம்” என்பார்கள். அது வெடிமருந்துத் தோட்டா இடும் துப்பாக்கி. எண் ஒன்றாயிருப்பதால் இரண்டும் ஒன்றல்ல. அதன் வலிமை இதற்குப் பன்மடங்கு மேற்பட்டது. அதைப் பார்த்தவர் இதனிடம் அவ்வலிமையை எதிர்பார்த்து ஏமாறுவதுண்டு.

இவ்விரண்டு அளவுகளுள் எது சிறந்தது என்னும் வாதம் இங்கிலாந்தில் நெடுங்காலமாய் நடந்துவருகிறது. அங்கே பண்ணைகளில் முயலையும் எலியையும் காட்டுப்புறாவையும் ஒழிக்கக் காற்றுத் துப்பாக்கியை உபயோகிப்பது வழக்கம். குழல்வாயில் ரவைக்குள்ள சக்தி 12 அடி-பவுண்டுக்கு, அதாவது ஏறக்குறைய 16 ஜூலுக்கு, மேற்பட்டால் அந்நாட்டில் பெருந் துப்பாக்கிகளுக்குரிய அனுமதிச் சீட்டு வேண்டும். ஆகையால் பெரும்பாலோர் அவ்வெல்லைக்குள்ளேயே நின்றுவிடுகின்றனர். (ஸ்காட்லாந்தில் 2016-ஆம் வருஷ முடிவிலிருந்து அவ்வெல்லைக்குட்பட்டதற்கும் சீட்டு வேண்டும்.) சிறு குழல் பறவைக்கு, பெருங்குழல் ரோமமுள்ள பிராணிக்கு என்று பழைய அபிப்பிராயம் ஒன்று அங்கே வழங்குகிறது.

அதன் நியாயத்தைக் கணக்கால் பார்க்கலாம். சக்தி 16 ஜூல் என்று இரண்டுக்கும் சமமாய் வைத்துக்கொண்டால், 4.5 மில்லிமீட்டர் ரவை ஏறக்குறைய அரை கிராம் நிறையுள்ளது. அது நொடிக்குச் சுமார் 250 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 5.5 மில்லிமீட்டர் ரவை ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைந்த நிறையுள்ளது. அதன் வேகம் நொடிக்குச் சுமார் 185 மீட்டரே. 35 மீட்டர் தூரம் செல்வதற்குள் முன்னது குழலின் நேர்க்கோட்டிலிருந்து ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் தாழ்கிறது. பின்னது ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் தாழ்கிறது. தூரத்தைக் கண்ணால் மதிப்பிடுவதில் ஐந்து மீட்டர் பிசகினாலும் பெருங்குழல்காரர் குறி தவறுவார். சிறு குழல்காரருக்கு அப்பிசகு அவ்வளவாய்த் தெரியாது. ஆனால் பட்டபின் கனத்த ரவை தன் சக்தியைப் பிராணியின் உடலுக்குள்ளேயே செலவிடுகிறது. சிறு ரவை சில வேளைகளில் ஊடுருவி மறுபுறம் சென்றுவிடும். பெருங்குழலைப் புகழ்வோர் சொல்வது இதுவே. சொல்லாமல் விடுவது மற்றொன்று. எந்த அளவானாலும் ரவை தலையில் படவேண்டும். வயிற்றிலோ சிறகிலோ பட்டால் இரண்டும் ஒன்றுதான். பிராணி ஓடிப் புதரில் விழுந்து நாட்கணக்கில் செத்துக்கொண்டிருக்கும். ஐந்து ரவைகளையும் தொடர்ந்து ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்குள் செலுத்த ஒருவருக்கு எந்தத் தூரம் வரையில் கைவருகிறதோ, அதற்கு அப்பால் உயிருள்ள எதன்மேலும் சுடலாகாது. புதிதாய்ப் பழகுவோருக்கு அத்தூரம் பத்து மீட்டரைத் தாண்டுவதே அரிது.

நம் தேசத்திலோ இவ்வாதத்தின் பெரும்பகுதியைச் சட்டமே முடித்துவிட்டது. 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, குழல் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்டாலும், குழல்வாய்ச் சக்தி 20 ஜூலுக்கு மேற்பட்டாலும், காற்றுத் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று மீறினாலே போதும். ஆகவே, “ஐந்தரையாயிருந்தால் கொஞ்சம் பலமாயிருக்குமே” என்று சகாய விலையில் எவரிடமேனும் வாங்கி வீட்டுப் பரணில் போட்டு வைப்பவர், லைசென்ஸ் இல்லாத ஆயுதத்தை வைத்திருப்பவர் ஆகிறார். காற்றுதானே என்று போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிப் பயனில்லை.

விளம்பரங்களிற் காணும் வேகத்தையும் நம்பிவிடக் கூடாது. நொடிக்கு ஆயிரம் அடி என்று பெருமையாய்ப் போட்டிருப்பார்கள். ஆயிரம் அடியென்பது 305 மீட்டர். அரை கிராம் ரவை உண்மையாகவே அவ்வேகத்தில் சென்றால் சக்தி 23 ஜூலாகி, அத்துப்பாக்கி லைசென்ஸுக்கு உட்பட்டதாகிவிடும். அப்படியின்றி அது எல்லைக்குட்பட்டதானால், மிக இலேசான ரவையை இட்டு அவ்வேகத்தைக் காட்டியிருக்க வேண்டும். இலேசான ரவை சீக்கிரம் வேகம் இழக்கும். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது ஆட்டங்கண்டு குறியும் தவறும். அளந்து தைத்த சட்டையைப்போல், அடக்கமான வேகத்தில் சீராய்ச் சுடும் துப்பாக்கியே நல்லது.

இனிப் பயிருக்கு வருவோம். குடியானவரின் முதல் புகார் மயிலைப் பற்றியது. அப்புகார் நியாயமானது. நிலக்கடலைக் கொல்லையிலும் தக்காளித் தோட்டத்திலும் மயில்கள் கூட்டமாய் இறங்கினால் உண்டாகும் நஷ்டத்தை நேரில் பார்த்தவர்கள் அதைச் சிறிதென்று சொல்லமாட்டார்கள். முருகன் வாகனமென்று கும்பிட்ட கையே இன்று துப்பாக்கிக்கு விலை கேட்கிறதென்றால், அந்தக் கை எவ்வளவு நொந்திருக்க வேண்டும்! ஆனால் கேட்பவர் ஒன்றை அறியவேண்டும். மயில் 1963 முதல் தேசியப் பறவை; 1972-ஆம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. 2022-ல் அச்சட்டத்தைத் திருத்திய பின், முதல் அட்டவணைப் பிராணியைக் கொன்ற குற்றத்துக்குச் சிறைவாசம் மூன்று வருஷத்துக்குக் குறையாமலும் ஏழு வருஷம் வரையிலும், அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாமலும் விதிக்கப்படும். அரை ஏக்கர் கடலையைக் காக்கப் போய் மூன்று வருஷம் வீட்டைவிட்டுப் போகிறவரின் நிலத்தை அப்பால் யார் உழுவது? சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் காரியம் ஆகாது. ஆண் மயில் நாலு முதல் ஆறு கிலோ நிறையுள்ளது. இறகுப் போர்வை தடித்தது. அரை கிராம் ஈயம் அதைக் கொல்லாது, புண்படுத்தும். மீதி மயில்கள் சத்தம் கேட்டுப் பக்கத்துக் கொல்லைக்குப் போய், மறுநாள் விடியலில் திரும்பி வரும்.

பச்சைக்கிளியும் அதே சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. காகத்தையும் பழந்தின்னி வௌவாலையும் சுடலாம் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் ஆதாரம் இருந்தது. சட்டத்தில் ஐந்தாம் அட்டவணை என்றொரு ஜாபிதா இருந்தது. அதில் அவை எலி, சுண்டெலியோடு சேர்த்துத் தொல்லைப் பிராணிகளாய்க் குறிக்கப்பட்டிருந்தன. 2022-ஆம் வருஷத்துத் திருத்தம் அந்த ஜாபிதாவையே எடுத்துவிட்டது. 1-4-2023 முதல் அது அமலில் உள்ளது. ஆகையால் பழைய ஞாபகத்தை வைத்துக்கொண்டு எப்பறவையின்மேலும் குழலைத் திருப்பலாகாது. வனத்துறை ரேஞ்சு ஆபீசில் எழுத்து மூலமாய்க் கேட்டு, எழுத்து மூலமாய்ப் பதில் பெறுவதே உத்தமம்.

காட்டுப்பன்றிக்கு இக்கருவி கொசுக்கடிக்குச் சமானம். பன்றி கோபங்கொண்டால் சுட்டவருக்கே ஆபத்து. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு காப்புக் காடுகளிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரழிக்கும் பன்றிகளைச் சுட வழி செய்தபோதும், அவ்வேலையை வனத்துறையாரிடமே ஒப்படைத்தது, குடியானவரிடம் அன்று.

எஞ்சுவது எலி. குழல் அளவைப் பற்றிய விவாதத்துக்கு நம் ஊரில் ஏதேனும் இடமுண்டானால் அது எலியிடத்தில்தான். அங்கேயும் அது சொற்பமே. எலி இரவில் நடமாடுவது; பகலில் வளைக்குள் இருப்பது. நெல் குதிர், அரிசி ஆலை, கோழிப் பண்ணை முதலிய இடங்களில் விளக்கை வைத்துக்கொண்டு ஏழெட்டு மீட்டர் தூரத்தில் சுடலாம் என்பார்கள். ஓட்டுக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் தகடு, மின்சாரக் கம்பி, கோழிகளின் தண்ணீர்க் குழாய் ஆகியவற்றிற்கு நடுவே சுடப்படும் ரவை எங்கே போய் நிற்கும் என்பதைச் சுடுகிறவர் எண்ணிப் பார்க்க வேண்டும். கல்லிலோ இரும்பிலோ பட்ட ரவை திரும்பித் தெறிக்கும். அப்படித் தெறித்ததில் கண் போனவர்கள் உண்டு. மேலும் ஒரு ஜோடி எலி ஒரு வருஷத்தில் எத்தனை முறை ஈன்று, ஒவ்வோர் ஈற்றிலும் எத்தனை குட்டி போடுகிறது என்பதை அறிந்தவர், இரவெல்லாம் விழித்து நாலு எலியைச் சுட்டதைப் பயிர்ப் பாதுகாப்பு என்று சொல்லத் துணியமாட்டார். அதைப் பொழுதுபோக்கு என்று சொல்லலாம்.

காவேரிப் பாசனத்தார் கையிலேயே இதைவிட நல்ல கருவி இருக்கிறது. தஞ்சாவூர்க் கிட்டியைச் சொல்ல வேண்டும். மூங்கிலை வில்லாய் வளைத்து, நாண் பூட்டி, இரை வைத்து வயலில் நட்டுவிட்டால் வைத்தவர் வீட்டில் உறங்கலாம், கிட்டி உறங்காது. ஒரே இரவில் பல கிட்டிகளை வைக்கலாம். துப்பாக்கிக்கோ ஓர் ஆள், ஒரு கண், ஒரு சமயத்தில் ஒரு ரவை. நடவுக்கு முன்னே வரப்புகளைச் செதுக்கி ஒடுக்கமாய் வைத்தால் எலி வளை தோண்ட இடமின்றிப் போகும். அறுவடைக்குப் பின் வளைகளை வெட்டிப் பிடிப்பதில் இருளர்களுக்குள்ள திறமை யாவரும் அறிந்தது. அவர்கள் எலியைப் பிடிப்பதோடு, வளைக்குள் எலி சேர்த்து வைத்த நெல்லையும் வெளியே எடுத்துவிடுவார்கள். தென்னையில் குரும்பை துளைக்கும் எலிக்கு, மரத்தில் ஆள் உயரத்துக்குமேல் வழவழப்பான தகட்டை ஒரு முழ அகலத்தில் சுற்றி அடித்தால் ஏற முடியாமல் சறுக்கி விழும். பக்கத்து மரத்து மட்டை தொடாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் தகட்டுக்குச் செய்த செலவு வீண்.

வயலின் நடுவே தடியில் குறுக்குக் கட்டை கட்டி நட்டு வைத்தால் இரவில் கூகை வந்து உட்காரும். கூகைக்கு எலியே முக்கிய உணவு. கூலி கேட்காத காவற்காரன். இங்கே ஒரு வேதனையான விஷயம் உண்டு. எலிக்கென்று வாங்கிய காற்றுத் துப்பாக்கி ஒரு மாதம் கழித்துப் பெரியவர் கையிலிருந்து வீட்டுப் பையன் கைக்குப் போய்விடும். பையன் எலிக்காக இரவில் விழித்திருப்பதில்லை. மாலையில் கோயில் கோபுரத்திலோ புளியமரத்திலோ உட்கார்ந்திருக்கும் கூகையைச் சுடுவான். ஆந்தை அபசகுனம் என்று வீட்டாரும் அதைத் தடுக்கமாட்டார்கள். கூகையைச் சுடுவதும் சட்டப்படி குற்றம். எலியைக் கொல்ல வந்த கருவி, எலியின் சத்துருவைக் கொன்றுவிட்டுப் பரணேறிவிடும்.

கிளிக்கும் மயிலுக்கும் செய்யத்தக்கவை பழைய முறைகளே. தினைப்புனம் காத்த மலைநாட்டு மகளிர் தட்டையும் குளிரும் கவணும் கொண்டு கிளி ஓட்டினர் எனச் சங்க நூல்கள் கூறுகின்றன. பெயர்கள் மாறினவேயன்றி வழி மாறவில்லை. பறவைகள் அதிகமாய் இறங்குவது விடிந்தபின் முதல் இரண்டு மூன்று மணி நேரமும், பொழுது சாயுமுன் ஒன்றிரண்டு மணி நேரமுமே. அவ்விரு வேளையும் பரண்மேல் ஆள் இருந்தால் நடுப்பகலில் கவலை குறைவு. ஒருபுறம் சிவப்பும் மறுபுறம் வெள்ளியும் பூசிய ஒளிநாடாவை முறுக்கிக் கொல்லைக்கு மேலே இழுத்துக் கட்டினால், காற்றில் அதிர்ந்து இரைச்சலிட்டு வெயிலில் பளபளக்கும். சில நாட்களில் பறவைகள் அதற்குப் பழகிவிடும். ஆகையால் கதிர் பால் பிடிக்குமுன் கட்டாமல், பிடிக்கும் சமயத்தில் கட்டி, இடையிடையே இடம் மாற்ற வேண்டும். ஊரார் கூடி ஏககாலத்தில் விதைத்தால் சேதம் எல்லோருக்கும் பங்காகிக் குறையும். தனியாய் முந்தி விதைத்தவர் கொல்லையில்தான் ஊர்க் கிளியெல்லாம் விருந்துண்ணும். இவை யாவும் முழுப் பரிகாரம் என்று சொல்வதற்கில்லை. மயிலால் வரும் நஷ்டத்துக்குக் குடியானவர் செய்யக்கூடியது கொஞ்சமே, அது உண்மை. அக்குறையைத் துப்பாக்கி தீர்க்காது என்பதும் உண்மை.

இனி, குறிப் பயிற்சி. இதற்கு 4.5 மில்லிமீட்டரைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை. உலகப் பந்தயங்களில் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டிக்கு விதிக்கப்பட்ட அளவும் அதுவே. அப்போட்டி 1984-ல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. 2008-ல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கப் பதக்கம் பெற்றது அதில்தான். கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவனும் அதே போட்டியில் 2019-ல் ரியோ நகரத்து உலகக் கோப்பையில் தங்கம் பெற்றார். பத்துப் புள்ளி தரும் நடுப்புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர், கடுகைவிடச் சிறிது. அதைத் தொடுவதற்குப் பலமான துப்பாக்கி வேண்டுவதில்லை. அசையாத கையும் அடங்கிய மூச்சும் வேண்டும். காகிதக் குறிக்கு மூக்குத் தட்டையான ரவையே ஏற்றது. அது காகிதத்தை வட்டமாய் வெட்டிச் செல்வதால் புள்ளி எண்ணுவது எளிது.

சுருள்வில் துப்பாக்கியைத் தோளோடு இறுக அணைத்துப் பிடிக்கலாகாது. வில் விடுபடும்போது துப்பாக்கி முன்னும் பின்னும் அதிரும். ஒவ்வொரு தடவையும் ஒரே விதமாய், தளர்வாய்ப் பிடித்தால்தான் ரவைகள் ஓரிடத்தில் சேரும். ரவையின்றி வெறுமனே விசை தட்டினால் உந்துதண்டு மோதிக் கெடும். மடித்த குழலில் ரவை இடும்போது ஒரு கை குழலை விடாமல் பிடித்திருக்க வேண்டும்; கை தவறிக் குழல் திரும்பி மூடினால் விரல் நசுங்கும். மூன்று நாலு வகை ரவைகளைச் சிறிது சிறிதாய் வாங்கிப் பார்த்து, அக்குழலுக்கு இசைவதையே பின்னர் வாங்க வேண்டும். ஒரே தொழிற்சாலையிற் செய்த இரண்டு துப்பாக்கிகளுங்கூட ஒரே ரவையை விரும்புவதில்லை.

குறிப்பலகைக்குப் பின்னால் ஒரு முழ ஆழமுள்ள மரப்பெட்டியில் மணலோ பழந்துணியோ அடைத்து வைக்க வேண்டும். பாறையும், பனைமரமும், செங்கற்சுவரும் ஆகா. தப்பிய ரவை சில நூறு கஜம் செல்லக்கூடியதாதலால் பாதையையும் களத்தையும் நோக்கிச் சுடக் கூடாது. மணலைச் சலித்து ஈயத்தை எடுத்து வைக்க வேண்டும். முற்றத்தில் சிதறிக் கிடக்கும் ரவையை நாட்டுக்கோழியும் வாத்தும் கல்லென்று பொறுக்கி விழுங்கும். ஈயம் அவற்றுக்கு விஷம். ரவையை வாயிற் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாய் எடுத்து இடும் வழக்கம் பையன்களிடம் உண்டு. அதை முதல் நாளிலேயே நிறுத்த வேண்டும். சுட்டு முடிந்ததும் சோற்றில் கை வைக்குமுன் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். துப்பாக்கியைப் பூட்டி வைத்துச் சாவியைப் பெரியவரே மடியில் வைத்திருக்க வேண்டும்.